சமையலறைத் தாம்பத்தியம்

1972இல் வெளிவந்த 'பியா கா கர்' என்ற இந்திப் படத்தில் மால்தியும் ராமும் புதுமணத் தம்பதி. பம்பாய்க்கு வாழ வந்த மால்திக்குப் புகுந்த வீட்டார் ஒதுக்கித் தரும் படுக்கையறை, அந்த வீட்டின் சமையலறை. பகலெல்லாம் அடுப்பு எரிந்த இடத்தில், பாத்திரங்களை ஒதுக்கி, இரவில் படுக்கை விரிக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார், மாமியார், மூத்தார், ஓரகத்தி, கொழுந்தன் என்று ஒரு குடும்பமே படுத்திருக்கிறது. வளையல் சத்தம் கேட்கும். சிரித்தால் கேட்கும். அழுதாலும் கேட்கும். விடிவதற்குள் எழுந்து படுக்கையைச் சுருட்டாவிட்டால் யாருக்கும் தேநீர் கிடைக்காது.

இந்த ஒரு சங்கடத்தை வைத்துக்கொண்டு பாசு சாட்டர்ஜி முழுநீளப் படம் எடுத்தார். படம் சிரிக்க வைக்கிறது. மனைவியும் கணவனும் தனியாக நாலு வார்த்தை பேசிக்கொள்ள முடியாத கொடுமையையும் அந்தச் சிரிப்பு மறைக்கவில்லை. இந்தி சினிமாவில் நகரத்து வீட்டுப் பஞ்சத்தைப் பேசிய படங்கள் பல உண்டு. அந்தப் பஞ்சம் ஒரு திருமணத்துக்குள் நுழைந்து என்ன செய்கிறது என்பதை, அறையின் நீள அகலத்தோடு சேர்த்துக் காட்டிய படம் என்று இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

கதை பம்பாயின் மராத்தி மண்ணிலிருந்து வந்தது. 1970இல் ராஜா தாக்குர் இயக்கிய 'மும்பைச்சா ஜாவய்' என்ற மராத்திப் படத்தின் மறு ஆக்கம் இது. 'மும்பை மாப்பிள்ளை' என்பது அந்தத் தலைப்பின் பொருள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அன்று பம்பாய் மாப்பிள்ளை என்றால் தனி மதிப்பு. நிரந்தர வேலை, மாதச் சம்பளம், மின்விளக்கு, குழாய்த் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் ரயில். அவன் எத்தனை சதுர அடியில் வசிக்கிறான் என்பது பெண் பார்க்கும் படலத்தில் யார் வாயிலும் வராத கேள்வி. மால்தி கிராமத்தில் பெரிய வீட்டில், காற்றும் வெளிச்சமும் தாராளமாக இருந்த இடத்தில் வளர்ந்தவள். அந்த விசாலத்திலிருந்து நேராக இந்தச் சமையலறைக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்துவதில்தான் படத்தின் நகைச்சுவையும் துயரமும் ஒன்றாகத் தொடங்குகின்றன.

பாசு சாட்டர்ஜி 1930இல் அஜ்மீரில் பிறந்து மதுராவில் வளர்ந்தவர். பம்பாய்க்கு வந்து, ஆர். கே. கரஞ்சியா நடத்திய 'பிளிட்ஸ்' வார இதழில் பதினெட்டு ஆண்டுகள் கேலிச்சித்திரம் வரைந்தார். அந்தக் கை இந்தப் படத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. கேலிச்சித்திரக்காரருக்கு ஒரே கட்டத்துக்குள் ஏழெட்டுப் பேரை அடைத்து, ஒவ்வொருவரையும் வேறொரு வேலையில் ஈடுபடுத்தி, அத்தனையிலிருந்தும் ஒரே வேடிக்கையைப் பிறப்பிக்கத் தெரிய வேண்டும். சிறிய வீட்டைப் படம்பிடிப்பதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. சீட்டாட்டப் பிரியரான அப்பாவாக ஆகா, அவரைச் சுற்றி கேஷ்டோ முகர்ஜி, முக்ரி, பெயிண்டல், அஸ்ரானி என்று அன்றைய நகைச்சுவை நடிகர்களின் ஒரு பட்டாளமே படத்தில் இருக்கிறது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த வீட்டில் அவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1969இல், சாட்டர்ஜியின் முதல் படம் 'சாரா ஆகாஷ்' வெளிவந்திருந்தது. ராஜேந்திர யாதவின் நாவலைத் தழுவி, திரைப்பட நிதிக் கழகத்தின் கடனுதவியோடு எடுத்த படம். அதிலும் புதிதாகத் திருமணமான ஜோடிதான் மையம். ஆக்ராவின் பழைய கூட்டுக்குடும்ப வீட்டில், விருப்பமில்லாமல் மணமுடித்த இளைஞன் மனைவியோடு மாதக்கணக்கில் பேசாமல் இருக்கிறான். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று புரியும். ஆக்ரா தம்பதிக்குத் தனிமை கிடைக்கிறது, பேச்சு வரவில்லை. பம்பாய் தம்பதிக்குப் பேச ஆயிரம் இருக்கிறது, பேச ஓர் இடம் இல்லை. முதல் படத்தில் தடை மனத்துக்குள் இருந்தது. இரண்டாவது படத்தில் அதைச் சுவரோடும் கதவோடும் கட்டடத்தோடும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத்தான் பேச வேண்டும்.

ராமின் குடும்பம் வசிப்பது 'சால்' எனப்படும் பம்பாய்க் குடியிருப்பு. சென்னையின் ஒண்டுக்குடித்தனத்தை அறிந்தவர்களுக்கு இது பாதி பழகிய உலகம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஒண்டுக்குடித்தன வீடுகள் பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்டு, பிறகு கூறுபோடப்பட்டவை. சாலோ முதல் செங்கல் வைக்கும்போதே ஒற்றை அறைகளாகத் திட்டமிடப்பட்டது. மாடிக்கு மாடி நீளமான பொது வராந்தா, அதையொட்டி வரிசையாக அறைகள், வராந்தாவின் கோடியில் பொதுக் கழிப்பறைகள். அறைக்குள் ஒரு மூலையில் தாழ்வான திட்டு கட்டி, தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் 'மோரி'. பாத்திரம் துலக்குவதும் துணி அலசுவதும் அதில்தான். பெண்கள் ஒரு திரையை இழுத்துவிட்டுக்கொண்டு குளிப்பதும் அதில்தான். ஆண்கள் கோடைக்காலத்தில் வராந்தாவிலும் மொட்டை மாடியிலும் நடைபாதையிலும் படுப்பார்கள். மழைக்காலம் வந்தால் எல்லோரும் அறைக்குள் வந்தாக வேண்டும்.

பம்பாயின் முதல் பருத்தி ஆலையை 1854இல் காவஸ்ஜி தாவர் தொடங்கினார். அதன் பின்னால் கொங்கணக் கரையிலிருந்தும் தக்காணத்து மேட்டு நிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள் ஒரே அறையை ஷிப்டு வாரியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போன படுக்கையில் இரவு ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். 1896இல் பிளேக் நோய் நகரத்தைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் ஆங்கிலேய அரசு தொழிலாளர் வீடுகளைத் திரும்பிப் பார்த்தது. 1898இல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை (பி.டி.டி.) வொர்லி, நாய்காவ், லோயர் பரேல், சிவ்ரி ஆகிய இடங்களில் 207 கட்டடங்களை எழுப்பியது. இன்றைக்கும் மும்பையில் 'பி.டி.டி. சால்' என்றால் டாக்சிக்காரருக்கும் தெரியும். தரைத்தளமும் மூன்று மாடிகளும், ஒரு கட்டடத்துக்கு 80 அறைகள், ஒவ்வொரு அறையும் 160 சதுர அடி.

சாலின் ஒற்றை அறைக்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அம்பேத்கரின் இளமைக்காலத்தைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. அவர் பள்ளி மாணவராக இருந்தபோது குடும்பம் லோயர் பரேலின் தபக் சாலில் ஒற்றை அறையில் இருந்தது. வீட்டுச் சாமான்களும் அடுப்புப் புகையும் நிறைந்த அந்த அறையில் இருவர் ஒரே நேரத்தில் நீட்டிப் படுக்க வசதியில்லை. மகன் முன்னிரவில் தூங்குவார். அப்பா விழித்திருந்து, அதிகாலை இரண்டு மணிக்கு அவரைப் படிக்க எழுப்பிவிட்டு, அவர் எழுந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். பின்னர் 1912 முதல் 1934 வரை பரேல் பகுதியில் மேம்பாட்டு டிரஸ்டின் சாலில் 50, 51 என்ற எண்ணுள்ள இரண்டு அறைகளில் அவர் குடும்பத்தோடு இருந்தார். அந்த இரண்டாவது அறை படிப்பதற்கு. தாதரில் 'ராஜகிருஹம்' என்ற வீட்டைக் கட்டி, புத்தகங்களுக்கு அங்கே பெரிய இடம் ஒதுக்கிக்கொண்டது அதற்குப் பிறகு. ஒரு மனிதன் சிந்திப்பதற்குக்கூட இன்னோர் அறை தேவைப்பட்டது என்றால், இருவர் மணவாழ்க்கையைத் தொடங்குவதற்குத் தேவைப்படாதா?

சாலில் இடத்தைப் பெருக்க வழியில்லாததால் நேரத்தைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே தரை காலையில் சமையலறை, மதியம் தையலறை, மாலையில் பிள்ளைகளின் படிப்பறை, இரவில் படுக்கையறை. 'பியா கா கர்' இந்தக் கால அட்டவணையை அப்படியே நகைச்சுவையின் இயந்திரமாக்கிக்கொள்கிறது. அந்த ஜோடிக்கு விழுந்திருப்பது அட்டவணையின் கடைசி நேரப் பங்கு. முன்னால் இருப்பவர்கள் தாமதித்தால் இவர்களுடையது சுருங்கிப்போகும். அப்பாவின் சீட்டாட்டம் நீண்டால் மகனின் இரவு குறையும். விருந்தாளி வந்தால் அந்தக் கொஞ்சமும் போகும்.

ராம் ஏன் பக்கத்துத் தெருவில் ஓர் அறை வாடகைக்குப் பார்க்கக் கூடாது? இன்றைய பார்வையாளருக்கு எழும் முதல் கேள்வி இதுதான். படம் இதற்கு நீளமாக விடை சொல்வதில்லை. 1972இல் பம்பாயில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் உலகப் போரின்போது வந்த வாடகைக் கட்டுப்பாட்டை 1947ஆம் ஆண்டுச் சட்டம் நிலைநிறுத்தியது. வாடகை 1940ஆம் ஆண்டு அளவோடு கட்டிப்போடப்பட்டது. ஆலைத் தொழிலாளியையும் குமாஸ்தாவையும் நினைத்த நேரத்தில் தெருவில் தள்ள முடியாமல் காத்தது அந்தச் சட்டம். அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் சில்லறைக் காசாகிப்போன வாடகைக்காக எந்த உரிமையாளரும் ஓட்டை மாற்றவில்லை, புதிதாக வாடகை வீடும் கட்டவில்லை. உள்ளே இருந்தவர் வெளியேறவில்லை. வெளியே இருந்தவர் உள்ளே நுழைய 'பகடி' என்ற பெருந்தொகையைக் கணக்கில் வராமல் கொடுக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1951இல் சுமார் 30 லட்சமாக இருந்த நகரின் மக்கள்தொகை 1971இல் ஏறக்குறைய 60 லட்சத்தைத் தொட்டது. இருபதே ஆண்டுகளில் இரண்டு மடங்கு. அப்பாவின் பெயரில் ஓர் அறை இருக்கிறது, அதற்கு வாடகை மிகக் குறைவு, அதை விட்டால் வேறு கிடைக்காது. திருமணமான மகன் மனைவியை அழைத்துக்கொண்டு அந்த அறைக்கேதான் வர முடியும். மால்தியின் படுக்கை சமையலறையில் விரிக்கப்பட்டதில் மாமியாரின் பங்கைவிடச் சட்டப் புத்தகத்தின் பங்கு அதிகம்.

படம் இதை அறிந்தே செய்திருக்கிறது என்று நம்பலாம். ஏனென்றால் மாமியார் கொடுமை என்ற சுலபமான பாதையை அது எடுக்கவில்லை. இந்தி சினிமாக் காதலில் பெற்றோர்தான் வழக்கமான தடை. ஜாதி, அந்தஸ்து, கௌரவம் என்று ஏதோ ஒரு காரணத்தால் மறுப்பார்கள். இங்கே எல்லோரும் சம்மதித்து, தேதி குறித்து, மேளம் கொட்டி, ஆசீர்வாதம் செய்து முடித்தாயிற்று. ஆசீர்வதித்தவர்கள் அடுத்த அறையில் இருமிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். தாலி கட்டிய கணவனும் மனைவியும் வீட்டுக்குத் தெரியாமல் சந்திக்கும் காதலர்களைப் போல ஒளிந்து ஒளிந்து பேச வேண்டியிருக்கிறது. காதல் கதையின் வழக்கமான சூத்திரத்தை இப்படித் தலைகீழாகப் பிடித்ததுதான் கதையின் அசல் பலம்.

தயாரித்த நிறுவனத்தையும் கவனிக்க வேண்டும். தாராசந்த் பர்ஜாத்யாவின் ராஜ்ஸ்ரீ, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்ற நம்பிக்கையை முதலீடாகக் கொண்டது. அந்த நிறுவனத்தின் படம், பச்சையாகச் சொன்னால், தாம்பத்திய உறவுக்கு இடம் கிடைக்காத இருவரைப் பற்றியது. விரசமாக ஒரு வசனம் இல்லாமல், அதே சமயம் விஷயத்தை மூடி மறைக்காமல், முழுக் குடும்பமும் பார்த்துச் சிரிக்கும்படி அதைச் சொன்னது சாதாரணக் காரியமில்லை. அரங்கில் பக்கத்து இருக்கையில் மாமனாரை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்த பம்பாய் மருமகள்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

மால்தியாக நடித்த ஜெயா பாதுரி அப்போது புனே திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்து அதிக காலம் ஆகாதவர். 'குட்டி', 'உபஹார்' இரண்டும் முந்தைய ஆண்டில்தான் வெளிவந்திருந்தன. கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் தன்னைச் சுருக்கிக்கொள்வதை அவர் உடலாலேயே நடிக்கிறார். முந்தானையை இழுத்துக்கொள்ளும் விதம், யாராவது வரும் அரவம் கேட்டதும் முகத்திலிருந்து சிரிப்பைச் சட்டென்று எடுத்துவிடும் விதம், ஏமாற்றத்தை வேலையாக மாற்றிக்கொண்டு பாத்திரத்தைக் கையில் எடுக்கும் விதம். ராமாக வரும் அனில் தவனின் முகத்தில் எப்போதும் ஒரு பிள்ளைத்தனமான எரிச்சல் இருக்கும். அது பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. வெளியே வேலைக்குப் போய்விட்டு வருகிறவனுக்கு அந்த வீடு இரவில் மட்டும் சிறையாகிறது. மால்திக்கு நாள் முழுவதும்.

ஆகவேதான் படத்தின் முடிவு உறுத்துகிறது. மால்தி படும் பாட்டைக் கண்டு மனம் கொதித்து, அவளை வளர்த்த பெரியவர் ஊருக்குத் திரும்ப அழைத்துப்போக முற்படுகிறார். வீட்டில் ஒவ்வொருவரும் அந்தத் தம்பதிக்காக இடம் விட்டுக்கொடுக்க முன்வருவதைப் பார்த்து மால்தி நெகிழ்கிறாள், அங்கேயே இருந்துவிட முடிவு செய்கிறாள். காட்சி உருக்கமாக எடுக்கப்பட்டிருக்கிறது, கண் கலங்கத்தான் செய்யும். ஆனால் அறையின் அளவு ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. கூடியது மால்தியின் பொறுமை. இரண்டு மணி நேரம் வீட்டின் பரப்பளவைப் பற்றி நியாயமாக வாதாடிய படம், தீர்ப்பு எழுதும் நேரத்தில் மருமகளின் மனவிசாலத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அந்தக் குடும்பத்தின் அன்பு உண்மையானது என்பதை ஒப்புக்கொண்டாலும், அன்புக்கான விலையை மறுபடி ஒரு பெண்ணே செலுத்துகிறாள்.

சாட்டர்ஜி கேட்காமல் விட்ட கேள்விகளைப் பிறர் கேட்டார்கள். 1977இல் பீம்சேன் இயக்கிய 'கரோண்டா' அவற்றுள் முக்கியமானது. அமோல் பாலேகரும் ஜரீனா வஹாபும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் காதலர்கள். அவன் சக ஊழியர்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிறான். வீடு கிடைத்தால்தான் திருமணம். கட்டிமுடிக்காத கட்டடங்களுக்குள் நின்று தங்கள் வருங்கால வீட்டைக் கற்பனை செய்து பாடித் திரிகிறார்கள். சேமிப்பையெல்லாம் திரட்டி முன்பணம் கட்டுகிறார்கள். கட்டுமான நிறுவனம் நடத்தியவன் பணத்தோடு ஓடிவிடுகிறான். அதன் பிறகு கதை இருட்டுக்குள் இறங்குகிறது. இதய நோயாளியான செல்வந்த முதலாளி அவளை மணக்க விரும்ப, அவர் எப்படியும் சீக்கிரம் போய்விடுவார், சொத்து நமக்கு வரும் என்று கணக்குப் போட்டு, அந்தக் காதலனே அவளைச் சம்மதிக்கச் சொல்கிறான். ஸ்ரீராம் லாகு நடித்த அந்த முதலாளி, மனைவியின் பராமரிப்பில் தேறிவிடுகிறார். அவளும் கணவரை நேசிக்கத் தொடங்குகிறாள். 'பியா கா கர்' நல்ல மனிதர்களை இடநெருக்கடி எவ்வளவு சங்கடப்படுத்தும் என்று காட்டியது. 'கரோண்டா' அதே நெருக்கடி ஒரு நல்லவனை எவ்வளவு தூரம் கீழே இறக்கும் என்று காட்டியது. இரண்டாவது உண்மை கசப்பானது. முதலாவதை அது பொய்யாக்கிவிடவில்லை.

மால்தி, ராம் போன்ற தம்பதி முதுமையில் என்ன ஆவார்கள்? 1984இல் சயீத் மிர்சா எடுத்த 'மோகன் ஜோஷி ஹாசிர் ஹோ!' அதற்கு விடை சொன்னது. சட்டம் வாடகையைக் கட்டிப்போட்டதையும் உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதை நிறுத்தியதையும் மேலே சொன்னோம். தென் பம்பாயில் மழைக்காலம்தோறும் பழைய கட்டடங்கள் இடிந்து விழுந்து ஆட்கள் செத்ததால் 1969இல் பழுதுபார்ப்பு வாரியம் அமைத்தார்கள். குடியிருப்பவர்களிடம் 'செஸ்' வசூலித்து அரசே செப்பனிடுவது ஏற்பாடு. சுமார் 19,600 கட்டடங்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அப்படிப்பட்ட இற்றுப்போன ஒரு கட்டடத்தில் வசிக்கும் ஓய்வுபெற்றவர்தான் மோகன் ஜோஷி. உரிமையாளர் பழுதுபார்க்க வேண்டும் என்று அவரும் மனைவியும் வழக்குத் தொடுக்கிறார்கள்.

ஜோஷியாக நடித்தவர் பீஷ்ம சாஹ்னி. பிரிவினைத் துயரத்தை எழுதிய 'தமஸ்' நாவலின் ஆசிரியர். மனைவியாக தீனா பாட்டக், உரிமையாளராக அம்ஜத் கான், ஜோஷியின் வழக்கறிஞர்களாக நசீருதீன் ஷாவும் சதீஷ் ஷாவும். வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்கிறது. அக்கம்பக்கத்தார் ஏளனம் செய்கிறார்கள். வக்கீல்கள் வளம் பெறுகிறார்கள். கையில் இருந்ததெல்லாம் கரைகிறது. ஆனாலும் அந்த முதிய ஜோடி கைகோத்தபடி நீதிமன்றப் படியேறிக்கொண்டே இருக்கிறது. நீதிபதி நேரில் பார்வையிட வரும் நாளில் உரிமையாளரின் ஆட்கள் அவசர அவசரமாக முட்டுக்கொடுத்துக் கட்டடத்தை நிமிர்த்தி வைக்கிறார்கள். அந்த முட்டுகளைத் தன் கையாலேயே பிடுங்குகிறார் ஜோஷி. கட்டடம் அவர் மேலேயே சரிகிறது. நையாண்டியாகப் போய்க்கொண்டிருந்த படம் அந்த இடத்தில் நெஞ்சை நிறுத்திவிடும். குடும்ப நலம் குறித்த சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. மிகப் பொருத்தமான விருது. கூரை விழாமல் இருப்பதைவிடக் குடும்ப நலம் வேறென்ன?

இந்தப் படங்களின் அருகே 1975இன் 'தீவார்' போன்றவற்றை வைத்தால், அதே பம்பாய் வேறொரு உருவத்தில் தெரியும். நடைபாதையில் படுத்து வளர்ந்த சிறுவன் கோபக்கார இளைஞனாகி நகரத்தையே விலைக்கு வாங்கப் பார்க்கிறான். அந்தக் கோபத்துக்குச் சிலை வைத்த ரசிகர்கள் சமையலறையில் படுத்த மால்தியை அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பம்பாயில் கோபக்கார இளைஞர்களைவிட, அடுத்த அறையின் இருமல் அடங்கக் காத்திருந்த இளம் தம்பதிகளே எண்ணிக்கையில் அதிகம். மரைன் டிரைவின் கடற்சுவரிலும் பாந்த்ராவின் பாறைகளிலும் கடலைப் பார்த்து முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஜோடிகளில் திருமணமானவர்கள் பலர் என்பது அந்த நகரத்தார் அறிந்த செய்தி. விடுதி அறை எடுக்கத் துணிந்தவர்களுக்கும் பாதுகாப்பில்லை. 2015 ஆகஸ்டில் மட் தீவு, அக்சா பகுதி விடுதிகளில் மும்பைக் காவல்துறை சோதனை நடத்தி சுமார் 40 ஜோடிகளைப் பிடித்துச் சென்றது. பூட்டிய அறைக்குள் இருந்தவர்கள்மீது பொது இடத்தில் அநாகரிகமாக நடந்ததாக வழக்கு. நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

கதை அதோடு பழையதாகிவிடவில்லை. 2018இல் வந்த 'லவ் பெர் ஸ்கொயர் ஃபுட்' படத்தில், தம்பதிகளுக்கு மட்டுமே வீடு ஒதுக்கும் திட்டத்தில் விண்ணப்பிப்பதற்காக, அறிமுகமற்ற இருவர் சேர்ந்துகொள்கிறார்கள். நாயகனின் தந்தை ரயில்வே ஊழியர். ஓய்வுபெற்றதும் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். 2023இல் வந்த 'ஜரா ஹட்கே ஜரா பச்கே' படத்தின் முதல் பகுதியைப் பார்த்தால் 'பியா கா கர்' நினைவுக்கு வராமல் போகாது. இந்தூரில் கூட்டுக்குடும்பத்தில் வாழும் கபிலும் சௌம்யாவும் வந்து தங்கிய மாமா, மாமிக்குத் தங்கள் அறையை விட்டுக்கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுக்கிறார்கள். தனி வீட்டுக்கு ஆசைப்பட்டு, அரசு வீட்டு வசதித் திட்டம் ஒன்றில் தகுதி பெறுவதற்காகப் பொய்யாக விவாகரத்து செய்துகொள்கிறார்கள்.

படமாக அது 'பியா கா கர்' அளவுக்கு நேர்த்தியானது இல்லை. பிற்பாதி சத்தத்தில் கரைந்துவிடுகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் 51 ஆண்டு இடைவெளி வெளிப்படையாகத் தெரிகிறது. சௌம்யா கோச்சிங் சென்டரில் பாடம் எடுத்துச் சம்பாதிக்கிறவள். தனக்கு ஒரு வீடு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறாள், அதற்காகக் கணவனைத் துரத்துகிறாள். மால்தி ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கோரிக்கை மருமகளின் வாயிலிருந்து வருவது சுயநலமாகாது என்பதை ஏற்றுக்கொள்ள வெகுஜன சினிமாவுக்கு அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அப்போதும்கூட, அந்த ஆசைக்காக அவளைக் கடைசியில் கொஞ்சம் குற்ற உணர்வு கொள்ளவைத்தே படம் முடிகிறது.

ஆலைகளோ மறைந்துவிட்டன. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவை எழவே இல்லை. ஆலை நிலங்களில் வணிக வளாகங்களும் அலுவலகக் கோபுரங்களும் நிற்கின்றன. அந்தக் கோபுரங்களின் நிழலில் இருந்த வொர்லி பி.டி.டி. சால்களை இடித்து அடுக்குமாடிகளாக்கும் வேலை நடந்துவருகிறது. 2025 ஆகஸ்டில் முதல் கட்டமாக 556 குடும்பங்களிடம் சாவி கொடுத்தார்கள். 160 சதுர அடிக்குப் பதிலாக 500 சதுர அடி, இரண்டு படுக்கையறைகள், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. நூறாண்டாக வராந்தாவின் கோடிக்கு வாளியோடு நடந்தவர்களின் பேரன், பேத்திகளுக்கு அது சின்ன விஷயமில்லை.

சாலின் ஓர் அறைக்கு ஒரு வீடு என்பதுதான் கணக்கு. ஓர் அறையில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் பெற்றோரும் இருந்திருந்தாலும் சாவி ஒன்றே. இரண்டு படுக்கையறைகளில் எது யாருக்கு என்று அந்தக் குடும்பங்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சமையலறை இப்போது சமையலுக்கு மட்டும்தான். கூடத்தில் யார் படுப்பது என்பது சில வீடுகளில் இன்னும் முடிவாகவில்லை.